ஒரு குறியீட்டு வாசிப்பு

எங்கள் துறையில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. ஆய்வேட்டின் ஓர் இயலை ஒப்படைக்கும் முன், அதை எழுதியவரே அதன் குறைகளைத் தனியாக எழுதி மேலே வைத்துக் கொடுக்க வேண்டும். ‘தன்குறை’ என்று அதற்குப் பெயர். அடுத்தவர் கட்டுரையைக் கிழிக்கச் சொன்னால், கரும்பு தின்னக் கூலியா என்று முதல் ஆளாக நிற்பவள் நான். ஆனால் தன் முதுகு யாருக்குத் தெரிகிறது? நான் எழுதிக் கொடுத்த தன்குறை இப்படி இருந்தது: மேற்கோள்கள் சற்று மிகுதி; கருத்தின் ஆழம் காரணமாகச் சில இடங்களில் எளிமை குறைந்துவிட்டது; இன்னும் விரிவாகவே எழுதியிருக்கலாம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது ‘உங்கள் குறை என்ன?’ என்று கேட்டால் ‘அளவுக்கு மீறி உழைப்பேன்’ என்று சொல்வார்களே, அந்த ரகம்.

என் நெறியாளரை மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘சிவப்பு மை’ என்பார்கள். அந்தத் தாளை அந்த அம்மாள் ஒரு முறை படித்தார். இது குறை இல்லை, பவுடர் போட்டுக்கொண்டு வந்த பெருமை என்றார். பிறகு நான் இயலாகக் கொடுத்திருந்த கட்டுரையை எடுத்து ‘குறியீடு’ என்ற சொல் வரும் இடமெல்லாம் வட்டம் போட்டார். பக்கங்களுக்கு அம்மை கண்டது போல் ஆயிற்று. எவர் எந்தச் சொல்லின் மேல் சாய்ந்துகொண்டு எழுதுகிறாரோ, அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொள்வது அவருடைய முறை. என் பக்கத்து மேசைக்காரரிடமிருந்து ‘விளிம்பு’ போயிற்று. மனிதர் அன்றிலிருந்து பேச்சு மூச்சு இல்லாமல் திரிகிறார்.

“இந்தச் சொல் வர்ற ஒவ்வொரு வாக்கியத்தையும் அது இல்லாம திருப்பி எழுது. கதையில என்ன இருக்கோ அதை மட்டும் எழுது. அப்பறம் உன் குறை என்னன்னு நான் சொல்லவே வேண்டாம்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கட்டுரை பத்திரிகையில் வந்து பத்துப் பேர் மெச்சிய கட்டுரை. ‘வெளிப்பக்கத் தாழ்ப்பாள்: ஒரு குறியீட்டு வாசிப்பு’ என்று தலைப்பே ஜம்மென்று இருக்கும். நான் அலசியிருந்த சிறுகதையும் அதே பத்திரிகையில் அதற்கு முந்தின இதழில் வந்ததுதான். புனைபெயரில் வந்தது. எழுதியவள் என் அக்கா.

அக்கா கதை எழுதுவாள் என்று எனக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முன் மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருந்தவள், கல்யாணமானதும் வேலையை விட்டுவிட்டாள். சில மாதங்களுக்கு முன் அவள் வீட்டுக்குப் போனபோது, அத்தான் குளியலறையில் இருந்த நேரம் பார்த்து, மடித்த தாள்கள் சிலவற்றை என் கைப்பைக்குள் திணித்தாள். “நீ படி. நீ மட்டும்” என்றாள். வீட்டுக்கு வந்து படித்ததும் எனக்குப் புல்லரித்தது. அடுக்ககத்தில் வாழும் ஒரு பெண், அவளைப் பூட்டி வைக்கும் கணவன், அவள் ஒளித்து வைக்கும் ஒரு பை. என்ன கட்டிறுக்கம், என்ன சிக்கனம்! அவளைக் கேட்கக்கூட இல்லை. ஒரு புனைபெயர் வைத்துப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வந்ததும் தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். நான் ஒருத்தி, எதையும் நினைத்துவிடுவேன்.

நேற்று முன்மதியம் ஆய்வு அறையில் உட்கார்ந்து, சிவப்பு வட்டங்களை எதிரே வைத்துக்கொண்டு, கடுப்போடு எழுத ஆரம்பித்தேன்.

‘வெளிப்பக்கத் தாழ்ப்பாள், பெண்ணின் மீது சமூகம் இட்டிருக்கும் கண்காணாத் தடையின் குறியீடு’ என்பது கட்டுரை. குறியீட்டை எடுத்துவிட்டு எழுதினேன்: ‘சின்ன அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. உள்ளே இருப்பவளால் திறக்க முடியாது.’ சப்பென்று இருந்தது. இதற்கு எதற்கு ஆய்வாளர் என்று அலுத்துக்கொண்டேன்.

‘நாயகியின் ஓயாத தலைவலி, நவீன வாழ்வின் களைப்புக்குக் குறியீடு.’ எடுத்துவிட்டு எழுதினேன்: ‘வீட்டுக்கு யாராவது வந்தால், அவளுக்குத் தலைவலி, படுத்திருக்கிறாள் என்று கணவன் சொல்கிறான். அவள் வெளியே வருவதில்லை.’

‘கடும் வெயிலிலும் அவள் அணியும் முழுக்கைச் சட்டை, மரபின் சுமைக்குக் குறியீடு.’ எடுத்துவிட்டு எழுதினேன்: ‘வெயில் காலத்திலும் அவள் கையை முழுக்க மூடியிருக்கிறாள்.’

பேனா நின்றது. அக்காவும் போன கோடையில் முழுக்கைதான் போட்டிருந்தாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அதற்கு முன் நான் போனபோதெல்லாம் அத்தான்தான் கதவைத் திறந்து, அவளுக்குத் தலைவலி, தூங்குகிறாள் என்று சொல்லி, அவர் கையாலேயே தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னவள் நான். சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறைக் கதவில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் பளபளவென்று இருந்ததையும் பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு, பூனை உள்ளே போய்த் துணியைப் பாழாக்குகிறது என்றார். ஏழாவது மாடிக்குப் பூனை எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. வெளிப்பக்கம் இருப்பதைப் பார்த்தேன், ஆகா, படிமம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். அவள் கதையில் அதைப் படித்தபோது, என் கூடப் பிறந்தவளின் கண்ணும் என் கண்ணைப் போலவே கூர்மை என்று பூரித்தும் போனேன்.

பேனாவை மறுபடி எடுத்தேன். அடுத்த வட்டம் இருந்தது. ‘தையல் மிஷின் பெட்டியின் அடியில் அவள் ஒளிக்கும் பை, அக விடுதலையின் குறியீடு.’ எழுதினேன்: ‘தையல் மிஷின் பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே அவள் ஒரு பை வைத்திருக்கிறாள். அதில் சான்றிதழ்களும் ஒரு செட் உடுப்பும் இருக்கின்றன. கிளம்பிப் போக வைத்திருக்கிறாள்.’

அவ்வளவுதான். கதையில் அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு வரி. சும்மா படிப்பவன் தாண்டிப் போய்விடுவான். நான்தான் அதை ஒரு முழுப் பக்கத்துக்கு விளக்கியிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து அவள் கொண்டுபோன பெட்டி, எனக்கு அத்துப்படி. பெட்டி எந்த மூலையில், பலகை எப்படிக் கழலும், பை எந்த அளவு என்று நுணுக்கி நுணுக்கி. அது போதாதென்று அடிக்குறிப்பில், ‘இக்கதாசிரியரோடு பிறந்து வளர்ந்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்’ என்று ஒரு பீற்றல். எனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான். அது யாருக்குத் தெரியாவிட்டாலும் ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆளின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே நேரில் போய், கையெழுத்துப் போட்டு, பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அத்தான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, புலவர் எழுதினதைப் பொறுமையாகத்தான் படிக்கணும் என்றார். புலவர் என்பது எனக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அக்காவுக்கு வைத்திருந்தேன்.

அவள் எண்ணுக்கு அடித்தேன். அத்தான் எடுத்தார்.

“அட, புலவரே. நூறு ஆயுசு உனக்கு. உன் கட்டுரையைத்தான் பேசிட்டிருக்கோம்” என்றார்.

கடை இல்லையா என்று கேட்டேன். இன்றைக்கு மூடிவிட்டதாகச் சொன்னார். அக்காவிடம் கொடுங்கள் என்றேன். அவளுக்குத் தலைவலி என்றார். பிறகு, அதே இதமான குரலில், கட்டுரையில் ஒரு சந்தேகம் இருக்கிறது, நேரில் வந்தால் கேட்டுத் தெளிந்துகொள்வேன் என்றார். வருகிறேன் என்று எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

எழுதின தாளைத் தூக்கிக்கொண்டு நெறியாளர் அறைக்கு ஓடினேன். என்ன சொன்னேன், எந்த வரிசையில் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. அவர் தாளைப் படித்தார். ஒரு கேள்விதான் கேட்டார்: “பொட்டி நெஜமா இருக்கா?” இருக்கிறது என்றேன். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் கார் ஓட்டுகிற லட்சணத்தை வேறு நாளாக இருந்தால் ஊர் பூராவும் சொல்லிச் சிரித்திருப்பேன். நேற்று அவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனபோது, இன்னும் வேகமாகப் போகக்கூடாதா என்று இருந்தது.

அவரைக் கீழே காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஏறினேன். அரை மணியில் நான் இறங்கி வராவிட்டால் போலீசைக் கூப்பிடுவதாகச் சொன்னார். மின்தூக்கியில் ஒரு பெண்மணி காய்கறிப் பையோடு ஏறி, நான் யார் வீட்டுக்கு என்று விசாரித்தாள். சொன்னேன். தங்கமான மனுஷன், என் மாமனாருக்குக் கண்ணாடி சும்மாவே மாற்றிக் கொடுத்தார் என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

அத்தான் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார். நான் உள்ளே வந்ததும் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் செய்வார். எப்போதும் அப்படித்தான் செய்வார் என்பது நேற்றுதான் எனக்கு உறைத்தது. அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முழுக்கைச் சட்டை. அடி எதுவும் வெளியே தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வா என்றுகூடச் சொல்லாமல் மேசையைப் பார்த்தாள். மேசை நடுவே என் பத்திரிகை விரித்து வைக்கப்பட்டிருந்தது. அடிக்கோல் வைத்து, பென்சிலால், வரி வரியாகக் கோடு போட்டிருந்தார். என்னை இவ்வளவு அக்கறையாக வாசித்தவர் வேறு யாரும் கிடையாது.

நான் உட்கார்ந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“கதையில இந்தப் பொட்டியைப் பத்தி ஒரு வரிதான் இருக்கு. நீ ஒரு பக்கம் எழுதியிருக்கே. அதான் கேக்கறேன். இது நெஜப் பொட்டியா?”

அவருக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. அது எனக்குப் புரிந்தது. பெட்டி பக்கத்து அறையில்தான் இருக்கிறது, எழுந்து போய்த் திறந்தால் முடிந்தது. ஆனால் அவருக்கு முதலில் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்க வேண்டும். கண்ணைச் சோதிக்கிறவர் அல்லவா. அக்காவின் கை மேசைக்கு அடியில் இருந்தது. அது என்ன பாடு படுகிறதோ என்று நினைத்தேன்.

நான் சிரித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் செய்ததில்லை.

“என்ன அத்தான், இவ்வளவு படிச்சவர் இப்படிக் கேக்கறீங்க. இலக்கியத்துல பொட்டின்னா பொட்டியே இல்ல. அது ஒரு குறியீடு” என்றேன்.

அதன் பிறகு வாய் தானாக ஓடியது. காலையில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்த அத்தனையையும் பொறுக்கி எடுத்து மறுபடி நட்டேன். தாழ்ப்பாள் சமூகம் என்றேன். தலைவலி களைப்பு என்றேன். முழுக்கை மரபு என்றேன். இந்த மாதிரிக் கதைகளில் வருகிற கணவன் மனிதனே கிடையாது, அவன் ஓர் அமைப்பு, அதிகாரம், காலம் என்றேன். எந்தெந்த ஊர்க் கோட்பாடெல்லாமோ வந்து விழுந்தது. கூசாமல் பேசினேன். அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. அவள் பட்டதையெல்லாம் அவள் எதிரிலேயே ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு இடத்தில் பென்சிலால் ஓரக்குறிப்புகூட எழுதினார்.

நான் முடித்ததும் எழுந்தார். அப்படியென்றால் பார்த்துவிடுவதில் தப்பில்லையே என்று சொல்லி, பக்கத்து அறைக்குப் போய்த் தையல் மிஷின் பெட்டியைத் தூக்கி வந்து மேசையில், என் கட்டுரையின் மேலேயே வைத்தார். அடிப்பலகை எப்படிக் கழலும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கட்டுரையில் தெளிவாக இருந்தது.

பலகைக்குக் கீழே ஒட்டுத்துணிகள் இருந்தன. ஒரு நூல்கண்டு இருந்தது. வேறொன்றும் இல்லை. அவர் துணிகளை விரலால் கிளறினார். அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

அப்போதுதான் அக்கா முதல் முறையாக வாயைத் திறந்தாள். “பழைய பேப்பரெல்லாம் கிடந்துச்சு. கரப்பான் வருதுன்னு போன மாசமே கிழிச்சு, சாக்கடையில போட்டுட்டேன்” என்றாள்.

போன மாதம் என் கட்டுரை வந்தது. அவருக்கு முன்னால் அவள் படித்திருக்கிறாள். மருந்தாளுநர் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வேலை பார்த்த அத்தாட்சி, தனியாக நிற்க அவளிடம் இருந்த அத்தனையையும் அவள் கையாலேயே கிழிக்க வைத்திருக்கிறேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையில் தலையை மோதிக்கொள்ளலாம் போல் இருந்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவர் பெட்டியை மூடினார். ஆனால் உட்காரவில்லை. இந்தக் கதையை உங்கக்காதானே எழுதினாள் என்று கேட்டார். இதில் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தது. ஆமாம், பின்னே வேறு யார், நம் வீட்டில் ஒரு எழுத்தாளர் இருக்கிறார் என்று உங்களுக்குப் பெருமையாக இல்லையா என்றேன். அந்த வேகத்திலேயே, இன்றைக்குத் துறையில் இந்தக் கதைக்கு ஒரு கூட்டம், ஆசிரியரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், அவளைக் கூட்டிப் போகத்தான் வந்தேன், என் நெறியாளரே கீழே காரில் காத்திருக்கிறார் என்றேன். எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

அவர் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தார். நானும் போய்க் கையை ஆட்டினேன். ஏழு மாடிக்குக் கீழே, காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்த சிவப்பு மை, பெரிய மனுஷிக்குரிய தோரணையோடு தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அந்த அம்மாளுக்குக் கோயில் கட்டலாம்.

“அப்ப நானும் வர்றேன்” என்றார் அத்தான்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தாராளமாக வாருங்கள் என்றேன். “ஒண்ணுதான் அத்தான். கூட்டத்துல ஆளாளுக்கு அந்தப் புருஷன் யாரு, நெஜத்துல இருக்கானான்னு கேப்பாங்க. நான் எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டாங்க. நீங்க முன்வரிசையில இருந்தா எல்லாக் கண்ணும் உங்க மேலதான் இருக்கும். எனக்குத்தான் சங்கடம்.”

மறுபடியும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். தெருவில் போகிறவன் தன்னைப் பற்றி என்ன நினைப்பான் என்பதில்தான் அந்த மனிதரின் உயிர் இருக்கிறது.

இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்றார். அக்காவின் தொலைபேசி வீட்டிலேயே இருக்கட்டும், கூட்டத்தில் மணி அடித்தால் நன்றாக இருக்காது என்றார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். அக்கா செருப்பு மாட்டக் குனிந்தாள், வாரைப் போட விரல் வரவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன். அவள் நிமிர்ந்ததும், அத்தான் அவள் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் அன்பாக இழுத்துவிட்டார்.

“நல்லாப் பேசு” என்றார்.

மின்தூக்கியில் நாங்கள் பேசவில்லை. நான் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். காரில் அக்காவைப் பின்னால் ஏற்றி நானும் பக்கத்தில் ஏறி, உள்பக்கத்தில் பூட்டினேன். சிவப்பு மை ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். முதல் திருப்பம் திரும்பும் வரை மாடியிலிருந்து அத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கட்டை விரலுக்குப் பக்கத்தில் சதை நகத்தால் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. அது மேசைக்கு அடியில் நடந்தது.

கடைத்தெரு தாண்டியதும் அவள் முன்னால் குனிந்து, மரியாதையாக, “மேடம், கூட்டத்துல என்ன கேப்பாங்க? எனக்குப் பேசிப் பழக்கமே இல்ல” என்றாள். “அப்பறம், இருட்டறதுக்குள்ள என்னைத் திருப்பி விட்டுருவீங்கல்ல?”

சிவப்பு மை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

“அக்கா, கூட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றேன். “நீ திரும்பிப் போகல.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் பக்கம் திரும்பி என் முகத்தையே பார்த்தாள். அவள் உதடு கோணியது. மாடியில் அவர் என்னைச் சோதித்துப் பார்த்ததைவிட அதிகமாகச் சோதித்தாள். நம்பலாமா என்று பார்த்தாள். பிறகு, மெதுவாக, கையில் தாளைத் திணித்த அன்றிலிருந்து இத்தனை மாதமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

“படிச்சிட்டியா?”

“இன்னிக்குத்தான்கா” என்றேன்.